நிலைமின் ஒலிபெருக்கியும் அதற்கேற்ற விரியலாக்கியும்: மன்னார்க் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டில் இசை கேட்போரிடையே, நிலைமின் ஒலிபெருக்கிக்கு எந்த விரியலாக்கி பொருந்தும் என்ற கேள்வி அவ்வகை ஒலிபெருக்கி சந்தைக்கு வந்த நாள் தொட்டே இருந்து வருகிறது. பேச்சு வழக்கில் அம்பிளிபயர் எனப்படும் விரியலாக்கியைத் தெரிவு செய்யும்போது அதன் வாற்றுக் கணக்கைப் பார்ப்பதும், வால்வு நல்லதா திரான்சிற்றர் நல்லதா என்று வாதிடுவதுமே வழக்கமாகியுள்ளது. இந்த வாதங்களிற் பெரும்பாலானவை குளிர்நாடுகளின் மூடிய, ஈரம் குறைந்த அறைகளை மனதில் வைத்து எழுந்தவை. மன்னார்த் தீவிலோ ஒருபுறம் மன்னார் வளைகுடாவும் மறுபுறம் பாக்கு நீரிணையும் கிடக்க, ஆண்டின் நடுப்பகுதியில் சோளகமும் ஆண்டிறுதியில் வாடையும் மாறிமாறி உப்பைச் சுமந்து வீட்டுக்குள் வருகின்றன. தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகளின் முப்பது சுழலிகளைச் சுழற்றுவதும் இதே காற்றுத்தான். இத்தகைய கரையில் மேற்படி கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே முறையாகும்: ஒன்று, இவ்வொலிபெருக்கி விரியலாக்கியிடம் உண்மையில் எதைக் கேட்கிறது என்பது, மற்றது, விரியலாக்கியின் குறை என்று எண்ணப்படுபவற்றில் எவ்வளவு உப்புக்காற்றால் ஒலிபெருக்கிக்குள் நேரும் மின்கசிவு என்பது. இரண்டாவதைக் கவனியாமல் முதலாவதற்கு மட்டும் விடை தேடுவோர் நல்ல விரியலாக்கிகளை வீணாக மாற்றிக்கொண்டே இருப்பர்.

வழக்கமான ஒலிபெருக்கியில் காந்தத்தின் இடைவெளிக்குள் தொங்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய, அச்சுருள் கடதாசிக் கூம்பைத் தள்ளுகிறது. நிலைமின் ஒலிபெருக்கியில் காந்தமும் இல்லை, சுருளும் இல்லை. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, சில மைக்ரோமீற்றர் முதல் பன்னிரண்டு மைக்ரோமீற்றர் வரை தடிப்புள்ள பொலியெஸ்ரர்ப் படலம் ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதன் மேற்பரப்பில் மின்னை மிக அரிதாகவே கடத்தும் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான வோல்ற்று நேரழுத்தம் அப்பூச்சுக்கு ஊட்டப்பட்டு, படலத்தில் ஏற்றம் நிலைநிறுத்தப்படும். இதனை முனைவாக்க அழுத்தம் எனலாம். இசைச் சைகை நிலைமாற்றி ஒன்றினால் பல மடங்கு உயர்த்தப்பட்டு இரு புறத் தகடுகளுக்கும் எதிரெதிராகச் செலுத்தப்படும்போது, ஏற்றம் பெற்ற படலம் ஒரு தகட்டால் ஈர்க்கப்பட்டும் மறு தகட்டால் தள்ளப்பட்டும் அசைகிறது. விசை படலத்தின் முழுப்பரப்பிலும் சமமாக விழுவதால் கூம்புகளிற் காணப்படும் நெளிவும் தனி அதிர்வும் இங்கே மிகக் குறைவு. குரலிசை கேட்போர் இவ்வொலிபெருக்கியை விட்டு விலக மனமில்லாதிருப்பதன் காரணம் இதுவே.

இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் ரைஸும் கெலொக்கும் இன்றைய சுருள் ஒலிபெருக்கிக்கு வடிவம் கொடுத்த 1925ஆம் ஆண்டிலேயே நிலைமின் முறையும் ஆராயப்பட்டது. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியதும் அதே ஆண்டின் டிசம்பரில்தான். ஆயினும் படலத்தின் ஏற்றம் மாறாதிருந்தால் மட்டுமே விசை சைகைக்கு நேர்விகிதமாக அமையும் என்ற உண்மை தெளிவாகி, அதற்கேற்ற உயர்தடைப் பூச்சுகளும் கிடைக்க 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் எவ். வி. ஹன்ட் 1954இல் வெளியிட்ட நூலில் அதன் கோட்பாட்டை விளக்கினார். ஆர்தர் ஜான்ஸன் அமெரிக்காவில் உயர்சுர அலகுகளைச் செய்து விற்றார். இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் இயங்கிய குவாட் நிறுவனத்தின் பீற்றர் வோக்கர், 1955இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் மூன்று கட்டுரைகளாகத் தம் ஆய்வை எழுதி, 1957இல் முழு வீச்சு நிலைமின் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். (1956இல் இலங்கைக்குக் குடிவந்த ஆர்தர் சி. கிளார்க், செய்மதித் தொடர்பு பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை 1945இல் எழுதியதும் இதே இதழில்தான் என்பது இங்கே நினைக்கத்தக்கது.) வோக்கரின் இரண்டாவது மாதிரியான ஈஎஸ்எல் 63, 1981இல் வந்தது. வளைந்த தகடும் தாழ்சுரத்துக்குச் சாதாரணக் கூம்பும் கொண்ட கலப்பு வகைகளை மார்ட்டின் லோகன் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் பின்னர் பரவலாக்கின.

இனி விரியலாக்கியின் பக்கம். இரண்டு தகடும் நடுவே காற்றும் என்றால் அது ஒரு கொள்ளளவியே. அதாவது மின்னேற்றத்தைத் தேக்கி வைத்துத் திருப்பித் தரும் உறுப்பு. மீடிறன் ஏற ஏற, மாறுதிசை ஓட்டத்துக்கு அது காட்டும் மறிப்பு குறையும். தகட்டின் கொள்ளளவு 500 பிக்கோபரட் என்றும் நிலைமாற்றியின் விகிதம் 1:75 என்றும் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டால், விரியலாக்கியின் பக்கத்திலிருந்து பார்க்கையில் அக்கொள்ளளவு விகிதத்தின் வர்க்கத்தால் பெருகி ஏறக்குறைய 2.8 மைக்ரோபரட் ஆகிறது. அதன் மறிப்பு 200 ஹேட்ஸில் 283 ஓம். 1 கிலோஹேட்ஸில் 57 ஓம். 4 கிலோஹேட்ஸில் 14 ஓம். 20 கிலோஹேட்ஸிலோ 2.8 ஓம் மட்டுமே. குவாட்டின் முதல் மாதிரியில் உயர்சுர முனையில் மறிப்பு 2 ஓம் அளவுக்கு இறங்குகிறது. பிற்காலக் கலப்பு வகைகள் சிலவற்றில் 1 ஓமுக்கும் கீழே போகிறது. ஆகவே பெட்டியின் பின்புறத்தில் “4 ஓம்” அல்லது “8 ஓம்” என்று அச்சிடப்பட்டிருக்கும் ஒற்றை எண் இவ்வகையில் ஏறக்குறையப் பொருளற்றது.

வாற்று என்ற அளவும் அவ்வாறே. தூய கொள்ளளவி வலுவை உட்கொள்வதில்லை. கால்சுற்றில் வாங்கியதை அடுத்த கால்சுற்றில் திருப்பி அனுப்புகிறது. எனவே இங்கே கேட்க வேண்டியது, விரியலாக்கி எத்தனை வோல்ற்று வரை திரிபின்றிச் செல்லும் என்பதும், உயர்சுரங்களில் எத்தனை அம்பியர் தரும் என்பதும் ஆகும். 8 ஓமுக்கு 100 வாற்றுத் தரும் விரியலாக்கியின் உச்ச வெளியீடு 40 வோல்ற்று. குவாட்டின் முதல் மாதிரி தாங்கக்கூடிய உச்சம் 33 வோல்ற்று மட்டுமே. அதனைத் தாண்டினால் தகடுகளுக்கிடையே காற்று முறிந்து தீப்பொறி பறந்து படலம் பொத்துப்போகும். அவ்வொலிபெருக்கியுடன் சேர்த்து விற்கப்பட்ட குவாட் II வால்வு விரியலாக்கியின் வலு 15 வாற்றே என்பதும், 1975இல் வந்த 100 வாற்று குவாட் 405ஐப் பழைய ஒலிபெருக்கியோடு இணைப்பதற்கு வோல்ற்றளவைக் கட்டுப்படுத்தும் தனிச்சுற்று வேண்டியிருந்தது என்பதும், மிகுந்த வலு எப்போதும் நன்மை அன்று என்பதற்குப் போதிய சான்றுகளாகும்.

விரியலாக்கிக்கு உண்மையான சோதனை இதன் பின்னரே வருகிறது. ஏறக்குறைய எல்லா விரியலாக்கிகளும் தம் வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பி ஒப்பிட்டுத் தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. இதற்குப் பின்னூட்டல் என்று பெயர். வெளியீட்டில் கொள்ளளவி தொங்கும்போது திரும்பி வரும் சைகை காலம் பிந்துகிறது. பிந்துதல் ஓர் எல்லையைக் கடந்தால், திருத்த வேண்டிய பின்னூட்டலே குழப்பத்தை வளர்ப்பதாகி, செவிக்கு எட்டாத உயர் மீடிறனில் விரியலாக்கி தானாகவே அலையத் தொடங்கும். காதுக்கு எதுவும் கேட்காது. கை வைத்தால் வெப்பத்தகடு சுடும், ஒலியில் ஒரு கரகரப்புப் படியும், சிலவேளை வெளியீட்டுத் திரான்சிற்றர்களே எரிந்துபோகும். இதனைத் தடுக்க, வெளியீட்டோடு தொடராகச் சில மைக்ரோஹென்றித் தூண்டிச்சுருள் ஒன்றும், குறுக்கே 10 ஓம் தடையும் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும் சேர்ந்த வலையமைப்பு ஒன்றும் இடுவது வடிவமைப்பாளர் வழக்கம். விரியலாக்கிகளை ஆராய்வோர் 8 ஓம் தடைக்கு இணையாக 2 மைக்ரோபரட் கொள்ளளவியை இணைத்துச் சதுர அலை செலுத்திப் பார்ப்பதும் இதற்காகவே. வாங்குவோர் விவரத்தாளில் தேட வேண்டிய முதற்செய்தி இச்சோதனையின் முடிவே. வாற்றுக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

வெப்பமும் இதனோடு சேர்ந்தது. தடைச்சுமையில் வோல்ற்றளவு உச்சத்தில் இருக்கையில் ஓட்டமும் உச்சத்தில் இருக்கும்; கொள்ளளவுச் சுமையிலோ வோல்ற்றளவு பூச்சியமாகும் கணத்தில் ஓட்டம் உச்சமடைகிறது, அக்கணத்தில் திரான்சிற்றர் முழு வழங்கழுத்தத்தையும் முழு ஓட்டத்தையும் ஒருங்கே தாங்குகிறது. நேரும் எதிருமாக 40 வோல்ற்று வழங்கலில் இயங்கும் பீ வகுப்பு விரியலாக்கி, மேற்சொன்ன எடுத்துக்காட்டுத் தகட்டுக்கு 10 கிலோஹேட்ஸில் 28 வோல்ற்று உச்சம் கொடுப்பதாகக் கணக்கிட்டால், திரான்சிற்றர்களில் 126 வாற்று வெப்பமாகிறது. அதே அளவு ஓமுள்ள வெறுந்தடையாயின் அது 57 வாற்று மட்டுமே. இயல்பான இசையில் அத்தனை உயர்சுர வலு இருப்பதில்லை என்பதால் அன்றாடம் இந்நிலை நேராது. எனினும் மலிவான விரியலாக்கிகளின் காப்புச்சுற்று, இத்தகைய கணங்களைக் குறுக்குச்சுற்று என்று தவறாகக் கருதி வெட்டிவிடுவதுண்டு; கைத்தாளமோ ஜால்ராவோ ஓங்கி ஒலிக்கும் இடங்களில் மட்டும் கேட்கும் ‘சடக்’ ஒலிக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

வெளியீட்டுத் தடை என்பது விரியலாக்கி தன்னுள்ளேயே கொண்டிருக்கும் தடை. திரான்சிற்றர் விரியலாக்கிகளில் அது 0.1 ஓம் அளவிலோ அதற்குக் கீழோ நின்றுவிடும். பின்னூட்டல் குறைந்த வால்வு விரியலாக்கியில் 2 ஓம் இருக்குமானால், நம் எடுத்துக்காட்டுத் தகட்டில் 20 கிலோஹேட்ஸில் 1.8 டெசிபெல் குறையும். 3 ஓமாயின் 3.3 டெசிபெல். வால்வின் ‘இனிமை’ என்று போற்றப்படுவதில் ஒரு பங்கு இந்த எளிய உயர்சுரத் தேய்வுதான் என்று கொள்வதில் தவறில்லை. அந்த இனிமையை விரும்புவோருக்கு அது உரியதே. ஆனால் அதே வால்வு விரியலாக்கி இன்னொரு தகட்டில் அதே இனிமையைத் தராது. இதற்கு நேர்மாறான விளைவு வடத்தில் நேர்கிறது. ஒலிபெருக்கிக்கு ஓடும் சாதாரண இரட்டைக் கம்பியில் 10 மீற்றருக்கு ஏறக்குறைய 6 மைக்ரோஹென்றி தூண்டல் சேரும். அது தகட்டின் கொள்ளளவோடு கூடி 39 கிலோஹேட்ஸ் அருகே ஒத்ததிர்வதால், 20 கிலோஹேட்ஸில் இரண்டு முதல் இரண்டரை டெசிபெல் வரை ஒலி உயர்ந்துவிடுகிறது. விரியலாக்கியை ஒலிபெருக்கியின் அருகில் வைத்து வடத்தை இரண்டு மூன்று மீற்றருக்குள் முடிப்பது, விலையுயர்ந்த வடம் வாங்குவதிலும் பயனுள்ளது.

ஆளி முறையில் இயங்கும் டீ வகுப்பு விரியலாக்கிகள் மின்செலவிலும் வெப்பத்திலும் சிக்கனமானவை. அவற்றின் வெளியீட்டிலுள்ள வடிகட்டி பெரும்பாலும் 4 முதல் 8 ஓம் தடைச்சுமைக்கே வகுக்கப்பட்டது. கொள்ளளவு கூடினால் அதன் போக்கு மாறிவிடும். பின்னூட்டலை வடிகட்டிக்கு அப்பாலிருந்து எடுக்கும் பிற்கால வடிவமைப்புகளில், குறிப்பாக புரூனோ புட்ஸெய்ஸ் வகுத்தவற்றில், இக்குறை பெரிதும் நீங்கியுள்ளது. நிலைமாற்றியையே விலக்கி, பல ஆயிரம் வோல்ற்றை நேரடியாகத் தகட்டுக்கு ஊட்டும் விரியலாக்கிகளை அக்கூஸ்டாட், பெவரிட்ஜ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் 1970களில் செய்தன. பொருத்தம் என்ற சிக்கலை வேரோடு தீர்த்த முறை அதுவே. ஆனால் பழுதுபார்க்கத் தெரிந்தவர் அருகில் இல்லாத ஊரில் அவ்வளவு உயரழுத்தத்தை வீட்டுக்குள் வைத்திருப்பது விவேகமன்று.

மன்னாருக்கே உரிய பகுதி இனிமேல்தான். முனைவாக்க அழுத்தத்தை உண்டாக்கும் சுற்று, இருவாயிகளும் சிறு கொள்ளளவிகளும் அடுக்கடுக்காகச் சேர்ந்த ஒரு பெருக்கி. அது மிகச்சிறிய ஓட்டத்தையே தர வல்லது, அதன் வெளியீட்டில் பத்து முதல் சில நூறு மெகா ஓம் வரை தடையும் தொடராக இடப்பட்டிருக்கும். தகட்டைத் தாங்கும் காவலிகளின் மேற்பரப்பு வரண்டு தூய்மையாக இருக்கும்வரை கசிவு இல்லை. கடலுப்பு படிந்தால் நிலை மாறுகிறது. சோடியம் குளோரைட்டு, காற்றின் சார்ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிறது; கடலுப்போடு கலந்துவரும் மகனீசியம் குளோரைட்டோ 33 சதவீதத்திலேயே நீர்த்துவிடும். கரையோர இரவுகளில் 75 சதவீதம் என்பது இயல்பாகத் தாண்டப்படும் எல்லை. பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ சாளரத்தைத் திறந்து வைத்த அறையில் கண்ணாடி அலமாரியை விரலால் தடவினால் ஒட்டும் பிசுபிசுப்பு, மின்னியல் நோக்கில் ஒரு கடத்திப் படலமேயாகும். கடலோர மின்கம்பங்களின் பீங்கான் காவலிகளில் உப்புப் படிந்து மின்கசிவு ஏற்படுவதும் இதே காரணத்தால்தான். மேலும், பல ஆயிரம் வோல்ற்று ஏற்றம் பெற்ற படலம் தூசியையும் உப்புத் துகளையும் தானே இழுத்துக்கொள்ளும். ஓய்ந்திருக்கும் கதிரையை விட ஓடிக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கியில் அழுக்கு விரைந்து சேர்வது அதனாலேயே.

கசிவின் விளைவைக் கணக்கிடலாம். வழங்கற்சுற்றின் தொடர்த்தடை 100 மெகா ஓம் என்று கொண்டால், கசிவுப்பாதையின் தடை 1000 மெகா ஓமாக இருக்கையில் முனைவாக்க அழுத்தம் பதினொன்றில் பத்துப் பங்காகக் குறைந்து, ஒலி 0.8 டெசிபெல் தாழும். இது எவருக்கும் புலப்படாது. கசிவுத்தடை 100 மெகா ஓமுக்கு இறங்கினால் அழுத்தம் பாதியாகி ஒலி 6 டெசிபெல் விழும். கேட்பவர் இயல்பாகவே ஒலிக்குமிழைத் திருகி இழப்பை ஈடுசெய்ய முயல்வார். அதே ஒலியளவுக்கு விரியலாக்கி இப்போது இரு மடங்கு வோல்ற்று கொடுத்தாக வேண்டும். உச்சங்கள் வெட்டுப்பட்டு ஒலி கரடாகும். ‘விரியலாக்கி போதாது’ என்ற முடிவுக்கு அவர் வருவார். இதைவிடப் பெரிய விரியலாக்கி வாங்கப்பட்டால் ஒலி சிறிது தேறலாம், ஆனால் காற்று வரண்டு அழுத்தம் மீளும் நாளில் அதே பெரிய விரியலாக்கி படலத்தைத் துளைத்துவிடும் வலுவோடு காத்திருக்கும். பொருத்தம் பற்றிய எழுத்துகளில் இந்தச் சுழற்சி உரிய இடம் பெறாதிருப்பது ஒரு பெரிய குறையே.

இதனைப் பிரித்தறிவது கடினமன்று. ஒரு பக்கம் மட்டும் ஒலி தாழ்ந்திருந்தால், விரியலாக்கியை நிறுத்திவிட்டு அதன் பின்புறத்தில் இடவல வடங்களை மாற்றிப் பொருத்திக் கேட்க வேண்டும்; தாழ்வு அதே ஒலிபெருக்கியிலேயே நின்றால் குற்றம் தகட்டினுடையது, பக்கம் மாறினால் விரியலாக்கியினுடையது. மழை பெய்த இரவில் மோசமாகவும், வெயிலேறிய பகலில் தேறியும், இசை இல்லாத வேளையிலும் மெல்லிய ‘டிக் டிக்’ ஒலியோடும் இருந்தால் கசிவு உறுதி. முனைவாக்க அழுத்தத்தைச் சாதாரணப் பன்மானியால் அளக்க முயல்வது பயனற்றது: 10 மெகா ஓம் உள்தடையுள்ள மானி 100 மெகா ஓம் வழங்கலில் தொட்டவுடன் அழுத்தம் பதினொன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிடும், ஆயிரக்கணக்கான வோல்ற்றை அத்தகைய மானியால் தொடுவது அபாயமும் ஆகும். கசிவைத் தடுக்கும் முதற்காப்பு தகட்டின் இருபுறமும் போர்த்தப்பட்ட மெல்லிய தூசுத்திரை. பழைய பெட்டிகளில் அது கிழிந்தோ தளர்ந்தோ இருப்பின், வேறெந்தச் செலவுக்கும் முன் அதனை மாற்ற வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் கடல் பார்த்த சாளரங்களை அடைத்து வைப்பதும், கேட்கத் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே ஒலிபெருக்கிக்கு மின்னூட்டி வைப்பதும் உதவும்.

மின்வழங்கலும் கணக்கில் வர வேண்டியதே. அழுத்தச் சீராக்கி இல்லாத பழைய பெட்டிகளில், 230 வோல்ற்று வீட்டுமின் 207க்குத் தாழ்ந்தால் முனைவாக்கமும் பத்திலொன்று குறைந்து ஒலி 0.9 டெசிபெல் இறங்கும். நாடு முழுவதும் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட 2022இன் பின் பல வீடுகளில் மின்கல மாற்றிகள் புகுந்துள்ளன; அவற்றுள் சைன் அலை தராத மலிவானவற்றை இவ்வொலிபெருக்கிக்கு ஊட்டாதிருப்பதே நல்லது, ஏனெனில் பெருக்கிச் சுற்று அலையின் உச்சத்தையே பற்றுவதால் மின்கலம் தளரத் தளர முனைவாக்கமும் தளரும். விரியலாக்கியின் வெளியீட்டில் தேங்கும் சிறு நேரோட்ட அழுத்தமும் கவனிக்கத்தக்கது. நிலைமாற்றியின் முதற்சுற்றுத் தடை அரை ஓமாயின், 50 மில்லிவோல்ற்று வழுவே 100 மில்லியம்பியர் ஓட்டத்தைச் செலுத்தி அகணியைக் காந்தநிறைவுக்கு அருகில் தள்ளிவிடும். தாழ்சுரம் அப்போது கலங்கும்.

எதைக் கேட்பதற்கு இத்தனை ஏற்பாடு என்பதும் தெரிவை மாற்றும். மன்னார்க் கரைக்கு உரிய இசையும் ஒலிச்செல்வமும் பெரும்பாலும் மனிதக் குரலைச் சார்ந்தவை: கத்தோலிக்க ஊர்களின் நாட்டுக்கூத்தும் வாசாப்பும், தவக்காலத்துப் பாடல்களும், திருக்கேதீச்சரத்துத் தேவாரமும், தூத்துக்குடி வானொலியின் மத்திய அலை ஒலிபரப்பில் இரவில் வந்து சேரும் பாடல்களும் அவ்வகை. இவற்றின் வலு பெரும்பாலும் 100 ஹேட்ஸுக்கும் 4 கிலோஹேட்ஸுக்கும் இடைப்பட்டது. அங்கே தகட்டின் மறிப்பு விரியலாக்கிக்குச் சுமையாகாது. மத்திய அலையிலோ பழைய கசற்றுப் பதிவுகளிலோ, விரியலாக்கியைத் திணறவைக்கும் உயர்சுரப் பகுதி மிகக் குறைவு. ஆகவே இக்கரையில் குரலிசையை மட்டான ஒலியில் கேட்க விரும்பும் வீட்டுக்கு 30 முதல் 60 வாற்று வரை தரும், கொள்ளளவுச் சுமையில் உறுதியான, வெளியீட்டுத் தடை குறைந்த திரான்சிற்றர் விரியலாக்கியே போதுமானது. அதன் உச்ச வோல்ற்றளவு ஒலிபெருக்கியின் எல்லைக்குள் நிற்பது கட்டாயம். மேளமும் பறையும் முழு வீச்சில் ஒலிக்க வேண்டுமென்போருக்குத் தகட்டின் தாழ்சுரம் போதாது. முன்னும் பின்னும் எதிரெதிராகப் பிறக்கும் ஒலியலைகள் தாழ்சுரத்தில் ஒன்றையொன்று அழிப்பதால், எவ்வளவு பெரிய விரியலாக்கியாலும் அக்குறையை நிரப்ப இயலாது; அவர்களுக்குக் கூம்பு சேர்ந்த கலப்பு வகையும், 1 ஓமுக்கு அருகிலும் தளராத விரியலாக்கியும் வேண்டும். கலப்பு வகையில் தாழ்சுரக் கூம்புக்குத் தன் சொந்த விரியலாக்கி உள்ளடங்கியிருப்பின், வெளி விரியலாக்கி தகட்டை மட்டும் இயக்கினால் போதும். அப்போது மேலே சொன்ன அளவிலான விரியலாக்கியே அங்கும் பொருந்தும்.